முடிவு பண்ணிட்டுதான் வரணும்னு யாரும் கேக்கல

வாசகர் கேள்வி: எனக்கு 37 வயசு. வீட்ல எந்த மத வழக்கமும் இல்லாம வளந்தவ. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஒரு கத்தோலிக்க கோயிலுக்கு போய் கடைசி பெஞ்ச்ல உக்காந்துட்டு, பூசை முடியறதுக்குள்ள எழுந்து வந்துடறேன். ஏன் போறேன்னு சொல்லத் தெரியல, போகாத வாரம் மனசு ஒரு மாதிரி இருக்கு. பாதி விஷயத்த நம்ப முடியல, அப்படி இருக்கும்போது ஃபாதர்கிட்ட போய் பேசலாமா? பேசிட்டா திரும்பி வர முடியுமா? சேரணும்னா என்ன வழி, எவ்ளோ நாள் ஆகும்? எனக்கு இது ரெண்டாவது கல்யாணம், மொத கல்யாணம் டிவோர்ஸ்ல முடிஞ்சுது. கணவருக்கு இதுல ஈடுபாடு இல்ல, தடுக்கவும் இல்ல. அம்மாவுக்கு தெரிஞ்சா வருத்தப்படுவாங்க. சர்ச்ல குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள பத்தி படிச்சது வேற உறுத்திட்டே இருக்கு. 8 வயசுல ஒரு பொண்ணும் இருக்கா. பேர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் சகோதரி. பெரியவங்களா வந்து கேக்கறவங்களுக்கு மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்க நம்பிக்கைய சொல்லிக்குடுக்கறதுதான் என் வேலை, அதனால நீங்க கேட்ட வரிசைய விட்டுட்டு, எது உங்களுக்கு முதல்ல தெரியணும்னு எனக்கு தோணுதோ அந்த வரிசையில சொல்றேன்.

திரும்பி வர முடியுமான்னு கேட்டிருக்கீங்க. முடியும். முதல் நாள் பேசிட்டு அப்புறம் போகாம இருக்கலாம், ஆறு மாசம் போயிட்டு நிறுத்தலாம், திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துல தண்ணி ஊத்தறதுக்கு, முந்தின நாள் கூட எனக்கு இன்னும் மனசு ரெடியாகல ஃபாதர்னு சொல்லலாம், யாரும் உங்கள பிடிச்சு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இத நான் ஆறுதலுக்கு சொல்லல, சர்ச்சோட சட்டத்துலயே இருக்கு. 1983ல வந்த திருச்சபை சட்டத்தொகுப்புல 748வது சட்டம் யாரையும் அவங்க மனசாட்சிக்கு எதிரா கத்தோலிக்க நம்பிக்கைய ஏத்துக்க வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லன்னு நேரடியாவே சொல்லுது. அதுக்கு முன்னாடியே 1965ல, உலகம் பூரா இருந்து ஆயர்கள் (பிஷப்கள்) கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரத்த பத்தி ஒரு தனி அறிக்கையே குடுத்திருக்கு. அதனால யாராவது உங்கள அவசரப்படுத்தினா, அவங்க எவ்வளவு நல்ல மனசோட பண்ணாலும் அது தப்பு, நீங்க தைரியமா கொஞ்சம் டைம் குடுங்கன்னு சொல்லலாம்.

இப்ப நம்பிக்கை விஷயம். பாதிய நம்ப முடியலன்னா போகலாமான்னு தயங்கறீங்க, ஆனா பெரியவங்களுக்கான இந்த பாதையோட முதல் கட்டமே நம்பிக்கை இன்னும் வராதவங்களுக்காகத்தான் வச்சிருக்கு. அதுல சடங்கு கிடையாது, வாக்குறுதி கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. வர்றவங்க கேள்வி கேக்கணும், சொல்லிக்குடுக்கறவங்க நேர்மையா பதில் சொல்லணும், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். சிலருக்கு ரெண்டு மூணு மாசத்துல அடுத்த கட்டத்துக்கு போகலாம்னு தோணும், சிலருக்கு வருஷக்கணக்காகும், சிலர் கேட்டு முடிச்சுட்டு நன்றி சொல்லி போயிடுவாங்க. அப்படி போனவங்கள நான் தோல்வின்னு நினைக்கறதே இல்ல, தெளிவா தெரிஞ்சுகிட்டு வேண்டாம்னு சொல்றது ஒரு நேர்மையான பதில்.

அதனால அடுத்த ஞாயிறு பூசை முடியற வரைக்கும் உக்காருங்க. நற்கருணை, அதாவது இயேசுவோட உடலா நம்பற அப்பம், வாங்க எல்லாரும் வரிசையா போகும்போது நீங்க பெஞ்ச்லயே இருந்தா போதும், யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க, வேற வேற காரணத்துக்காக கத்தோலிக்கர்கள்லயே சிலர் உக்காந்துதான் இருப்பாங்க. வாங்கறது மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அது இந்த பாதையோட முடிவுல வர்ற விஷயம். முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட போய், "நான் கொஞ்ச நாளா வர்றேன், திருமுழுக்கு பெறாதவ, தெரிஞ்சுக்கணும்னு ஆசை, யார்கிட்ட பேசணும்"னு கேளுங்க. வாசல்ல நூறு பேர் நிக்கற நேரத்துல அவரால நின்னு பேச முடியாது, ஒரு நாள் ஒரு நேரம் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. பதில் கொஞ்சம் வெடுக்குன்னு வந்தா மனசு விட்டுடாதீங்க. பங்குல, அதாவது அந்த கோயிலைச் சேந்த சபைல, பெரியவங்களுக்கு சொல்லிக்குடுக்கற உபதேசியார் இருக்காரா, சிஸ்டர் யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க, அங்க சரியா அமையலன்னா பக்கத்து பங்குக்கு போங்க, அதுல தப்பே இல்ல.

அந்த முதல் பேச்சுலயே உங்க ரெண்டு கல்யாணத்த பத்தியும் சொல்லிடணும். இத நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நெறைய பேரு இத வெக்கத்துல மறைச்சு வச்சிட்டு, எல்லாம் படிச்சு முடிச்சு ஈஸ்டருக்கு சில வாரம் இருக்கும்போது ஃபார்ம் எழுதறப்ப சொல்வாங்க, அப்ப இப்போதைக்கு முடியாது, கொஞ்சம் பொறுங்கன்னு பதில் வரும்போது உடைஞ்சு போயிடுவாங்க. விஷயம் என்னன்னா, திருமுழுக்கு பெறாத ரெண்டு பேரு முறைப்படி பண்ணிகிட்ட கல்யாணத்தையும் சர்ச் உண்மையான கல்யாணமாத்தான் பாக்குது. இது ஒரு மரியாதை, மத்தவங்க கல்யாணம்லாம் கணக்கே இல்லன்னு அது சொல்றதில்ல. ஆனா அதே காரணத்துனால கோர்ட்ல வாங்கின டிவோர்ஸ் அந்த பந்தத்த முடிச்சுடுச்சுன்னும் சர்ச் எடுத்துக்கறதில்ல. அப்போ உங்க மொத கல்யாணம் என்ன நிலைமைல இருக்குன்னு ஆயரோட மறைமாவட்ட அலுவலகத்துல பாக்கணும்.

அதுக்கு வழி இருக்கு சகோதரி, பயப்படாதீங்க. மொத கல்யாணத்தப்ப நீங்களும் அவரும் ரெண்டு பேருமே திருமுழுக்கு பெறாதவங்களா இருந்திருந்தா, பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம் 7வது அதிகாரத்த அடிப்படையா வச்சு பவுல் சலுகைன்னு ஒண்ணு இருக்கு, சட்டத்தொகுப்புல 1143வது சட்டத்துல இருந்து வருது. அதுல முன்னாள் கணவர்கிட்ட அவருக்கும் திருமுழுக்கு பெற விருப்பம் இருக்கா, இல்லன்னா உங்களோட சமாதானமா சேந்து வாழ தயாரான்னு கேப்பாங்க, அவர் ரெண்டுக்கும் இல்லன்னு சொன்னா, திருமுழுக்குக்கு அப்புறம் நீங்க திருச்சபை முறைப்படி கல்யாணம் பண்ணிக்கலாம், அந்த புது கல்யாணம் நடக்கறப்பதான் பழைய பந்தம் முடியும். அவர தேடி கேக்கவே முடியாத நிலைமைன்னா ஆயர் அந்த கேள்வியில இருந்து விலக்கு குடுக்கலாம். அவர் முன்னாடியே திருமுழுக்கு பெற்றவரா இருந்தா வேற வழி, அது ரோம் வரைக்கும் போகும். இல்ல, அந்த கல்யாணத்துல ஆரம்பத்துலயே ஏதோ அடிப்படைக் குறை இருந்துச்சுன்னா, உதாரணமா உங்கள கட்டாயப்படுத்தி பண்ணி வச்சிருந்தா, அது செல்லாதுன்னு திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பு சொல்லலாம். முன்ன அந்த தீர்ப்பு ரெண்டு நீதிமன்றத்துல ஒரே மாதிரி வரணும்னு இருந்துச்சு, 2015ல போப் பிரான்சிஸ் அத எடுத்துட்டார், இப்ப ஒண்ணு போதும். இதுல எது உங்களுக்கு பொருந்தும்னு இங்க உக்காந்துகிட்டு நான் சொன்னா அது பொறுப்பில்லாத பேச்சா போயிடும். பழைய கல்யாண சர்டிஃபிகேட், டிவோர்ஸ் தீர்ப்பு, இப்போதைய கல்யாண சர்டிஃபிகேட், மூணையும் காப்பி எடுத்து கைல வச்சுக்கங்க. மாசக்கணக்குல ஆகலாம், ஆனா அது ஓடிகிட்டு இருக்கும்போதே நீங்க வரலாம், கத்துக்கலாம், ஜெபிக்கலாம், திருமுழுக்கு தேதி மட்டும்தான் அதுக்காக காத்திருக்கும்.

சரி, பாதைக்கு வர்றேன். இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல. சர்ச்சோட முதல் சில நூற்றாண்டுகள்ல பெரும்பாலும் பெரியவங்கதான் சேந்தாங்க, ஆபத்தான காலம் அது, அதனால வருஷக்கணக்குல தயார் பண்ணித்தான் சேத்துகிட்டாங்க. அகுஸ்தீனார எடுத்துக்கங்க, அவங்க அம்மா மோனிக்கா அவ்வளவு கண்ணீர் விட்டும் அவர் 32 வயசுலதான், 387ஆம் வருஷம் ஈஸ்டர் இரவுல மிலான்ல ஆயர் அம்புரோஸ் கையால திருமுழுக்கு வாங்கினார். அந்த அம்புரோஸே, ஆயரா வேணும்னு ஜனங்க கேட்டப்ப இன்னும் திருமுழுக்கு வாங்காம தயாரிப்புலதான் இருந்தார். அப்புறம் குழந்தைகளுக்கே குடுக்கற வழக்கம் எங்கும் பரவினதும் பெரியவங்களுக்கான இந்த படிப்படியான முறை மெல்ல மறைஞ்சு போச்சு. 1963ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் அத திரும்ப கொண்டு வரணும்னு சொல்லி, 1972ல புது சடங்கு முறை வெளியாச்சு. இன்னைக்கு உலகம் பூரா பங்குகள்ல நடக்கறது அதுதான். அந்த பழைய பொறுமைய மீட்டு எடுத்தது எனக்கு பெரிய ஆறுதலா இருக்கற விஷயம், ஏன்னா அவசரமா நாலு பாடம் மனப்பாடம் பண்ண வச்சு தண்ணி ஊத்தி அனுப்பினா அந்த நம்பிக்கை முதல் கஷ்டத்துலயே ஆடிப்போயிடும்.

கேள்வி கேக்கற காலம் முடிஞ்சு, முழுசா தெளிவு வராட்டியும் இயேசுவ பின்பற்ற ஆரம்பிக்கணும்னு உள்ளுக்குள்ள தோணிடுச்சுன்னா, முதல் சடங்கு நடக்கும். கோயில் வாசல்ல நிப்பீங்க. ஃபாதர் உங்க பேர கேப்பார், அப்புறம் "இறைவனின் திருச்சபையிடம் நீங்கள் கேட்பது என்ன"ங்கற மாதிரி ஒரு கேள்வி, அதுக்கு வழக்கமான பதில் "நம்பிக்கை". கவனிங்க, என்கிட்ட நம்பிக்கை இருக்குன்னு சொல்ல சொல்றதில்ல, நம்பிக்கைய குடுங்கன்னு கேக்கத்தான் சொல்றாங்க. அப்புறம் நெத்தியில சிலுவை அடையாளம் போடுவாங்க, அதோட நிக்காம காதுல, கண்ணுல, உதட்டுல, நெஞ்சுல, தோள்ல போடலாம், சில இடத்துல குனிஞ்சு கையிலயும் பாதத்துலயும் கூட போடுவாங்க. கூட்டத்துக்கு முன்னாடி ஒருத்தர் உங்க கால் பக்கத்துல மண்டி போட்டு சிலுவை வரையறது, அதுவரைக்கும் எல்லாத்தையும் மூளையாலயே அலசிகிட்டு இருந்தவங்களுக்கு கூட அங்க கண்ணு கலங்கி நான் பாத்திருக்கேன்.

இதுக்கு அப்புறம் நீங்க வெளியாள் இல்ல. இன்னும் திருமுழுக்கு வாங்கலன்னாலும் திருச்சபையோட ஏற்கனவே இணைஞ்சவங்கன்னு சட்டம் சொல்லுது, இந்த காலத்துல இறந்து போனா கூட கத்தோலிக்க அடக்க சடங்குக்கு உரிமை உண்டு. இந்த கட்டத்தத்தான் புகுமுக நிலைன்னு சொல்றோம். இதுதான் நீளமானது, பல இடங்கள்ல ஒரு வருஷத்துக்கு குறையாம வைப்பாங்க, தேவைப்பட்டா பல வருஷமும் ஆகலாம். வாராவாரம் வகுப்பு இருக்கும், ஆனா இத வெறும் வகுப்பா நினைச்சுடாதீங்க. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992ல வந்தது, அதுல நாலு பகுதி இருக்கு, எத நம்பறோம், எப்படி வழிபடறோம், எப்படி வாழறோம், எப்படி ஜெபிக்கறோம்னு. இதுல முதல் பகுதிய மட்டும் படிச்சுட்டு எனக்கு கிறிஸ்தவம் தெரியும்னு சொல்றவங்க நெறைய. ஆனா ஒருத்தர மாத்தறது மூணாவதும் நாலாவதும்தான். மன்னிக்க முடியாத ஒருத்தர மன்னிக்க பழகறது, தினமும் பத்து நிமிஷம் அமைதியா உக்காந்து நற்செய்தி வாசிக்கறது, இதெல்லாம் பாடத்துல மார்க் வாங்கற விஷயம் இல்ல.

இந்த காலத்துல ஒண்ணு நடக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன் இல்லன்னா மனசு சுருங்கிடும். ஞாயிறு பூசைல மறையுரை (ஃபாதரோட பிரசங்கம்) முடிஞ்சதும் புகுமுக நிலையில இருக்கறவங்கள முன்னாடி கூப்பிட்டு, ஆசீர்வதிச்சு, தனியா வெளிய அனுப்புவாங்க, எல்லா பங்குலயும் பண்றதில்ல, ஆனா முறை அதுதான். துரத்தறாங்களோன்னு தோணும். அப்படி இல்ல. அன்னைக்கு கேட்ட நற்செய்திய ஒரு வழிகாட்டியோட உக்காந்து அசைபோடறதுக்குத்தான் அனுப்பறாங்க, இன்னும் சாப்பிட முடியாத பந்திய சும்மா உக்காந்து பாக்க வைக்க வேண்டாம்ங்கற ஒரு கரிசனமும் அதுல இருக்கு.

உங்களுக்கு துணையா ஒருத்தர் இருப்பாங்க, அப்புறம் ஞானப்பெற்றோரா ஒருத்தர் வேணும். பொதுவா 16 வயசு முடிஞ்ச, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி நம்பிக்கைய உறுதிப்படுத்தற சடங்கு) பெற்ற, நம்பிக்கைய உண்மையா வாழற கத்தோலிக்கரா இருக்கணும், உங்க சொந்த அப்பா அம்மா ஆக முடியாது. யாரையும் தெரியாதேன்னு கவலைப்படாதீங்க, பங்குலயே ஆள் காட்டுவாங்க. என் அபிப்பிராயம் கேட்டா, நல்லா பேசறவங்கள விட நீங்க ஒரு வாரம் வரலன்னா ஃபோன் பண்ணி என்னாச்சுன்னு கேக்கறவங்கள எடுத்துக்கங்க.

நம்ப முடியாத அந்த பாதி என்னன்னு நீங்க எழுதல. அதனால பொதுவா ஒண்ணு சொல்றேன். இது எனக்கு புரியலங்கறது வேற, இது உண்மை இல்லன்னு நான் முடிவு பண்ணிட்டேங்கறது வேற. மூவொரு கடவுள் (தந்தை, மகன், தூய ஆவின்னு மூணு பேரா இருக்கற ஒரே கடவுள்) எப்படின்னு புரியல, தூய்மை பெறும் இடம் (இறந்தவங்க சுத்தமாகற நிலை) ஏன்னு புரியலன்னா அந்த கேள்விய கூடவே எடுத்துகிட்டு வரலாம், வாழ்நாள் பூரா படிச்சவங்களுக்கும் அதுல கேள்வி மிச்சம் இருக்கு. ஆனா இயேசு உயிர்த்தெழுந்தார்ங்கறதும், நற்கருணைல அவர் உண்மையாவே இருக்கார்ங்கறதும் ஓரத்துல வச்சுட்டு போற விஷயங்கள் இல்ல, அதுலதான் மத்ததெல்லாம் நிக்குது. திருமுழுக்கு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நம்புகிறேன்னு மூணு தடவ சொல்லணும். அந்த வார்த்தை வாய்ல மட்டும் இருக்கும்னா சொல்லாதீங்க, இன்னொரு வருஷம் காத்திருங்க. ஈஸ்டர் தேதி வந்துடுச்சு, ட்ரெஸ் தச்சாச்சு, சொந்தக்காரங்களுக்கு சொல்லியாச்சுன்னு ஒருத்தர் பொய்யா நம்புகிறேன்னு சொல்றத பாக்கறத விட, அவங்க தள்ளிப்போடறத பாக்கறது எனக்கு ஆயிரம் மடங்கு சந்தோஷம். இங்கிலாந்துல ஆங்கிலிகன் சபை குருவா இருந்த நியூமன் எத்தனை வருஷம் படிச்சு, எழுதி, தன்னோடயே போராடி 1845ல தான் கத்தோலிக்கர் ஆனார், அவர் இப்ப புனிதர்.

கடைசி கட்டம் ஈஸ்டருக்கு முந்தி வர்ற தவக்காலத்தோட ஆரம்பிக்கும். தவக்காலத்தோட முதல் ஞாயிறு ஒட்டி, வழக்கமா ஆயர் முன்னாடி, அந்த வருஷம் திருமுழுக்கு வாங்கப்போறவங்க பேர ஒரு புத்தகத்துல எழுதுவாங்க. துணையா இருந்தவங்க எழுந்து இவங்க தயார்னு சாட்சி சொல்லணும். அப்புறம் மூணாவது, நாலாவது, அஞ்சாவது ஞாயித்துக்கிழமைகள்ல ஆய்வுச் சடங்குன்னு மூணு. பேர பாத்து பரீட்சைன்னு நினைச்சு பயப்படறாங்க, அது பரீட்சை இல்ல, உங்களுக்குள்ள இருக்கற காயத்தையும் பாவத்தையும் கடவுள் குணமாக்கணும்னு மொத்த சபையும் உங்களுக்காக வேண்டிக்கறது. அன்னைக்கு வாசிக்கற யோவான் நற்செய்தி பகுதிகள இப்பவே வீட்ல எடுத்து படிங்க, 4வது அதிகாரத்துல கிணத்தடில சமாரியப் பெண், 9ல பிறவியிலேயே பார்வை இல்லாதவர், 11ல இயேசு சாவுல இருந்து எழுப்பின லாசர். அந்த சமாரியப் பெண்ணுக்கு அஞ்சு கல்யாணம் ஆகியிருந்துச்சு, இயேசு அத தெரிஞ்சே அவகிட்ட தண்ணி கேட்டு பேச்ச ஆரம்பிச்சார். உங்க கடிதத்துல கல்யாண விஷயத்த எழுதின இடத்துல ஒரு கூச்சம் தெரிஞ்சுது, அதனால சொல்றேன்.

திருமுழுக்கு ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்புல. இருட்டுல, வெளிய புது நெருப்பு மூட்டி, அதுல பாஸ்கா திரிய, அதாவது பெரிய ஈஸ்டர் மெழுகுதிரிய, ஏத்தி, அந்த ஒரே வெளிச்சத்துல இருந்து ஒவ்வொருத்தர் கையில இருக்கற மெழுகுவத்தியும் பத்திக்கும். படைப்புல இருந்து செங்கடல் வரைக்கும், அப்புறம் இறைவாக்கினர்கள்னு நீளமா வாசகங்கள், சின்ன பசங்க தூங்கிடுவாங்க. புனிதர் மன்றாட்டுமாலை, தண்ணிய ஆசீர்வதிக்கறது, அப்புறம் உங்க முறை. தீமைய விட்டுவிடறேன்னு சொல்லி, நம்பறேன்னு சொல்லி, தந்தை மகன் தூய ஆவி பேரால மூணு தடவ தண்ணில மூழ்க வைப்பாங்க இல்ல தலைல ஊத்துவாங்க. தலை ஈரம் காயறதுக்குள்ள வெள்ளை உடை, கையில எரியற திரி, நெத்தியில வாசனையான கிறிஸ்மா எண்ணெய் பூசி உறுதிபூசுதல், அதே பூசைல முதல் தடவையா நற்கருணை. மூணும் ஒரே இரவுல. முன்னாடி பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவங்கள சொல்லி மன்னிப்பு கேக்கறது) பண்ணணுமான்னு எல்லாரும் கேப்பாங்க, திருமுழுக்கு பெறாதவங்களுக்கு தேவை இல்ல, அதுவரைக்கும் செஞ்ச அத்தனையும் அந்த தண்ணில மன்னிக்கப்படுது. 37 வருஷத்து எல்லாமும் சகோதரி. உயிருக்கு ஆபத்துன்னு வந்தா மட்டும் இந்த வரிசை எல்லாம் சுருங்கிடும், அவசரத்துல யார் வேணும்னாலும், சரியான நோக்கத்தோட, தண்ணி ஊத்தி அந்த வார்த்தைகள சொல்லி குடுக்கலாம்.

ஈஸ்டருக்கு அப்புறம் தூய ஆவி பெருவிழா வரைக்கும் வாங்கினத ருசிச்சு புரிஞ்சுக்கற காலம்னு ஒண்ணு முறைல இருக்கு, ஆனா நடைமுறைல அதத்தான் ரொம்ப அலட்சியமா விடறாங்க. ஒரு வருஷம் கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டு, வாங்கினதும் இனி நீங்களே பாத்துக்கங்கன்னு விட்டா புதுசா வந்தவங்க தனியா நின்னுடறாங்க. உங்க பங்குல அப்படி விட்டா நீங்களே ஒரு ஜெபக்குழுவோ பாடல் குழுவோ ஏழைகளுக்கு உதவற குழுவோ எதுலயாவது சேந்துடுங்க. கடமைகளும் உண்டு, இப்பவே தெரிஞ்சுக்கங்க, ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயம் போக வேண்டிய திருநாள்) பூசை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம், பாஸ்கா காலத்துல நற்கருணை, குறிச்ச நாட்கள்ல உபவாசம், முடிஞ்ச அளவு திருச்சபையோட தேவைக்கு உதவறது.

ஒரு சின்ன வேலை. நீங்க குழந்தையா இருந்தப்ப யாராவது, ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரங்களோ, உங்களுக்கு எந்த கிறிஸ்தவ சபைலயாவது ஞானஸ்நானம் குடுக்க வச்சாங்களான்னு வீட்ல கேட்டு பாருங்க. தண்ணியாலயும் தந்தை மகன் தூய ஆவி பேராலயும் முறையா நடந்திருந்தா அது ஒரு தடவதான், திரும்ப குடுக்க மாட்டாங்க, அப்ப உங்க பாதையும் மாறும், கல்யாண விஷயத்த பாக்கற விதமும் மாறும், பாவசங்கீர்த்தனமும் முன்னாடியே உண்டு.

பேர் மாத்தணுமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கத்தான் போறீங்க. கட்டாயம் இல்ல, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணா இல்லாத எந்த பேரும் போதும். ஒரு புனிதர் பேர சேத்துக்கறது விருப்பம். பணமும் அப்படித்தான், காணிக்கை குடுக்கறவங்க குடுக்கலாம், கையில இல்லங்கறதுக்காக திருமுழுக்கு மாதிரி அருளடையாளம் மறுக்கப்படக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

உங்க கணவர் விஷயத்துல பவுலடியார் அதே 7வது அதிகாரத்துல, நம்பிக்கை இல்லாத கணவர் மனைவியோட வாழ சம்மதிச்சா அவர விட்டு போகக்கூடாதுன்னுதான் சொல்றார். அதனால நீங்க சேர்றதுக்கு அவரும் சேரணும்னு யாரும் நிபந்தனை போட முடியாது. ஆனா கல்யாண பேப்பர் விஷயத்துல அவரும் ஒரு நாள் வந்து பேச வேண்டி இருக்கும், அது அவருக்கு திடீர்னு தெரியாம இப்பவே சொல்லி வைங்க. அம்மாகிட்டயும் மறைக்காதீங்க. திருமுழுக்கு முடிஞ்சு ஃபோட்டோ பாத்து தெரிஞ்சுக்கறதுதான் அவங்கள ரொம்ப வலிக்க வைக்கும். விளக்கம் குடுக்க வேண்டாம், வாதம் பண்ணவே வேண்டாம், "மனசு தேடுதும்மா, போய் கேட்டுட்டு இருக்கேன், இன்னும் முடிவு பண்ணல"ன்னு உண்மைய சொல்லுங்க. அவங்க மதிக்கறத நீங்க கேவலமா பேசணும்னு சர்ச் எதிர்பாக்கல, மத்த மதங்கள்ல உண்மையும் புனிதமுமா இருக்கற எதையும் கத்தோலிக்க திருச்சபை ஒதுக்கறதில்லன்னு 1965லயே அதே வத்திக்கான் சங்கம் எழுதி வச்சிருக்கு. மகளா நீங்க அவங்களுக்கு செய்யறது எதுவும் குறையக்கூடாது, முடிஞ்சா கூடணும்.

குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள பத்தி. நான் அத மழுப்ப மாட்டேன். நடந்தது, பல நாடுகள்ல நடந்தது, தெரிஞ்சும் மூடி மறைச்சாங்க, பாதிக்கப்பட்டவங்கள நம்பாம விட்டாங்க. 2019ல போப் பிரான்சிஸ் இத புகார் பண்றது குருக்களுக்கும் துறவிகளுக்கும் கடமைன்னு சட்டமாக்கினார், ஆயர்களே மறைச்சாலும் விசாரிக்க வழி வச்சார், அது ரொம்ப லேட்டா வந்த சட்டம், இன்னும் எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்கலங்கறதும் உண்மை. உங்களுக்கு உறுத்தறது நல்லது, அத அமுக்காதீங்க. அந்த முதல் பேச்சுல ஃபாதர்கிட்டயே கேளுங்க, இந்த பங்குல குழந்தைகளோட பாதுகாப்புக்கு என்ன விதி இருக்கு, யார்கிட்ட புகார் சொல்லணும்னு. அவர் கோவப்படாம பதில் சொல்றாரான்னு பாருங்க, அதுல இருந்தே நிறைய தெரிஞ்சுடும். நான் ஏன் இன்னும் இதுக்குள்ள இருக்கேன்னு கேட்டா, இந்த தப்ப தப்புன்னு எனக்கு காட்டறதே இங்க ஞாயித்துக்கிழமை வாசிக்கற நற்செய்திதான், அத விட்டுட்டு எங்க போறதுன்னு எனக்கு தெரியல.

கடைசியா உங்க பொண்ணு. 7 வயசு முடிஞ்சுட்டா சர்ச் கணக்குல அவ கைக்குழந்தை இல்ல, அவளா விரும்பி, அவ வயசுக்கு ஏத்த மாதிரி சுருக்கமா அமைச்ச இதே பாதையில வரணும், அம்மா சேர்றா அதனால இவளையும் சேத்துடுவோம்னு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. இப்போதைக்கு அவள கூட கூட்டிட்டு போறதா வேண்டாமான்னு அவ அப்பாகிட்ட பேசி ரெண்டு பேருமா முடிவு பண்ணுங்க. அவ ஏதாவது கேள்வி கேட்டா உங்களுக்கு தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க, தெரியாதத தெரியலன்னு சொல்லி, குறிச்சு வச்சு, அந்த வார வகுப்புக்கு எடுத்துட்டு போங்க. ஃபாதர்கிட்ட பேசினதுக்கு அப்புறம் கல்யாண விஷயத்துல அவர் என்ன சொன்னார்னு எனக்கு மறுபடியும் எழுதுங்க, அடுத்து எந்த பேப்பர் வேணும்னு அப்ப சேந்து பாக்கலாம்.